சீட்டைப் பார்த்துப் படித்த பெயர்

அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் கடுமையான வெயில். பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்கு முன் குருவானவர் ஜெபித்தார். "உமது அடியானாகிய..." என்று தொடங்கியவர் ஒரு கணம் நின்றார். ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்து அப்பாவின் பெயரைப் படித்தார். மண் போடும் நேரத்தில் மறுபடியும் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

அப்பா அந்தச் சபையில் இருபத்திரண்டு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். கடைசிப் பதினொரு மாதங்கள் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தார். வீட்டுக்கும் ஆலயத்துக்கும் நடுவில் இரண்டே தெரு. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் கட்டிலில் கிடந்தபடியே கேட்பார், வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைப்பார். ஐயர் வந்தால் உட்கார வேண்டுமே என்பார். (எங்கள் பக்கத்தில் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம்.) இருட்டிய பிறகு நாற்காலி திரும்பச் சுவரோரம் போகும். பதினொரு மாதங்களும் இப்படியே போயின. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் "இந்த வாரம் கட்டாயம் வருகிறேன்" என்ற பதில் கிடைத்தது. காணிக்கைக் கவர் மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

இதைக் கோபத்தில் எழுதவில்லை, கோபம் ஆற இரண்டு ஆண்டுகள் காத்திருந்துதான் எழுதுகிறேன். நான் சபையின் பிள்ளை. ஞாயிறு பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்து பென்சில் பெட்டி பரிசு வாங்கியவன், திடப்படுத்தல் பெற்றவன், இன்றும் பாடகர் குழுவில் நிற்பவன். வெளியில் நின்று கல்லெறிய எனக்கு விருப்பமில்லை. ஒரு குருவானவருடைய வேலை என்ன என்பதை நாம் மறந்துகொண்டே வருகிறோம் என்ற பயம்தான் எழுத வைக்கிறது.

எங்கள் கிராமத்தில் எனக்கு நினைவு தெரிந்த முதல் சேகரகுருவைப் பற்றிச் சொல்கிறேன். (பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்.) அவர் பொறுப்பில் எட்டு ஊர்கள். தேரிக்காட்டுச் செம்மணலில் டிவிஎஸ் வண்டியைப் பாதி தூரம் ஓட்டி, மீதி தூரம் தள்ளிக்கொண்டு வருவார். எந்த வீட்டில் எப்போது ஆள் இருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். பனையேறுகிறவர்கள் வீட்டுக்கு எப்போது போக வேண்டும், பீடி சுற்றும் பெண்கள் தட்டைக் கீழே வைக்கும் நேரம் எது என்றெல்லாம் கணக்கு வைத்திருப்பார். கையில் கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கும். அதில் வீடு வீடாகப் பெயர்கள். எந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, யாருக்குச் சர்க்கரை, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை, யார் எந்தத் தேதியில் இறந்தார்கள் என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார். தாத்தா இறந்த தேதி வந்தால் நாங்கள் மறந்திருந்தாலும் அவர் வந்து நிற்பார்.

பாட்டி கடைசியாகப் படுத்தபோது காது சுத்தமாகக் கேட்காது. குருவானவர் நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுவரும் சின்னப் பெட்டியைத் திறந்தார். கிணற்றடியில் போய்க் கை கழுவிவிட்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அப்பத்தை நகக்கண் அளவுக்குக் கிள்ளி, ரசத்தில் நனைத்து, கரண்டியால் நாக்கில் வைத்தார். கடைவாயில் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு குனிந்து, பாட்டியின் காதோடு வாயை வைத்துப் பாமாலை ஒன்றைப் பாடினார். சத்தம் எட்டியிருக்காது. மூச்சுக் காற்று பட்டிருக்க வேண்டும். பாட்டியின் உதடுகள் அசைந்தன. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஊழியம் என்ற சொல்லை எப்போது கேட்டாலும் முதலில் அந்தக் கைக்குட்டைதான் என் நினைவுக்கு வருகிறது.

"எனக்கு அழைப்பு உண்டு" என்று சொல்லுகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். தரிசனம் கண்டேன், சத்தம் கேட்டேன் என்று சாட்சி சொல்லுகிறார்கள். கேட்டிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அழைத்தவர் என்ன வேலைக்கு அழைத்தார்? திபேரியா கடற்கரையில் சீடன் பேதுருவிடம் மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்ட இயேசு, மூன்று முறையும் ஒரே வேலையைத்தான் கொடுத்தார். முதலில் "என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக", பிறகு இரண்டு முறை "என் ஆடுகளை மேய்ப்பாயாக". மேய்ப்பனுடைய அடையாளம் என்ன என்பதையும் அதே யோவான் சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்திலேயே சொல்லிவிடுகிறது. அவன் தன்னுடைய ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான். சீட்டைப் பார்த்து இல்லை.

நம்முடைய பழைய முறைமைகளுக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகும் வரை திருநெல்வேலிச் சபைகள் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் வழியில் நடந்தவை. 1662-ம் ஆண்டின் அந்தப் புத்தகத்தில் உதவிகுருவை அபிஷேகம் செய்யும் முறைமையைப் படித்துப் பாருங்கள். நோயாளிகளையும் ஏழைகளையும் இயலாதவர்களையும் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் நிலைமை என்ன, பெயர் என்ன, எங்கே குடியிருக்கிறார்கள் என்று மூத்த குருவுக்குத் தெரிவிப்பது அவருடைய கடமை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பெயரும் இருப்பிடமும்! முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து யோசித்து இதை எழுதி வைத்திருக்கிறார்.

தமிழ் மண்ணில் இந்தப் பணி தொடங்கிய விதமும் நடைதான். தரங்கம்பாடி மிஷனில் 1733 டிசம்பர் 28 அன்று குருவாக அபிஷேகம் பெற்ற ஆரோன், புராட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர். மாயவரம் பக்கத்துக் கிராமங்களில் சிதறிக் கிடந்த விசுவாசிகளை 1745-ல் இறக்கும் வரை அவர் கவனித்துக்கொண்டார். வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவின் மகனாக 1874-ல் பிறந்த அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டில் அவர் பொறுப்பில் இருந்த தோர்ணக்கல் திருமண்டலத்தில் அவர் மாட்டுவண்டியில் போய் உட்கார்ந்தது பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தலித் மக்களின் குடியிருப்புகளில். பேராயருக்கே அந்தத் தெருவுக்குப் போக நேரம் இருந்தது. இன்று எந்தத் தெருவுக்கு நம் ஐயர் போகிறார், எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று ஒவ்வொரு சபையும் மனசாட்சியோடு கேட்டுக்கொள்ளட்டும். கார் நிற்கும் வீட்டில் மூன்று முறை ஜெபம் நடந்து, ஊர்க் கடைசியில் இருக்கும் ஓட்டு வீட்டில் ஒருமுறைகூட நடக்காத சேகரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

"ஐயருக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஒரு சேகரகுருவின் வாரத்தை எண்ணிப் பாருங்கள். ஆலயக் கட்டட நிதி, பள்ளிக்கூட நிர்வாகம், சேகர மன்றக் கூட்டம், மைக் செட் பழுது, அசனப் பண்டிகைக்கு அரிசி, வரவு செலவுத் தணிக்கை. திருமண்டலத் தேர்தல் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த அணியா இந்த அணியா என்று சபையே இரண்டாகப் பிளந்து நிற்கும், நடுவில் அவர் மாட்டிக்கொள்வார். வேத சாஸ்திரம் படித்து வந்த மனிதரை நாம் மேஸ்திரியாகவும் கணக்குப்பிள்ளையாகவும் ஆக்கி வைத்திருக்கிறோம். மாற்றலாகிப் போகும் குருவுக்குப் பிரிவுபசாரக் கூட்டத்தில் என்ன சொல்லிப் பாராட்டுகிறோம்? "இவர் காலத்தில்தான் கோபுரம் கட்டினோம், கிரானைட் போட்டோம்." எத்தனை நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்தார் என்று எந்தக் கல்வெட்டிலும் செதுக்குவதில்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. கோபுரத்துக்கு நன்கொடை கேட்டு நானும் ரசீதுப் புத்தகத்தோடு அலைந்தவன்தான்.

ஆனாலும் நேரமில்லை என்பதை முழுவதுமாக ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் ஊரில் ரிச்சர்டு பாக்ஸ்டர் என்ற குரு இருந்தார். அவருடைய சபையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். அவரும் உதவியாளரும் திங்கள், செவ்வாய் இரண்டு நாட்களையும் இதற்கென்றே ஒதுக்கி, வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் என்று ஒரே ஆண்டில் அத்தனை குடும்பங்களோடும் தனித்தனியே உட்கார்ந்து பேசினார்கள். அவர் உடம்பும் நோயாளி உடம்புதான். திங்களும் செவ்வாயும் என்று காலண்டரில் கோடு போட்டு ஒதுக்கியதால் அது நடந்தது. நம் சபைகளில் அந்த இரண்டு நாட்களை ஒதுக்கிக் கொடுக்க மன்றம் தீர்மானம் போடட்டும். பள்ளிக்கூடக் கணக்கையும் கட்டட வேலையையும் பார்க்கச் சபையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளும் பொறியாளர்களும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போவது என்றால் ஐந்து நிமிடம் ஜெபித்து, காபி குடித்து, கவர் வாங்கிக்கொண்டு எழுவது என்றும் ஆகிவிடக் கூடாது. வீட்டுக்குள் போனால்தான் அங்கே என்ன நடக்கிறது என்று தெரியும். முழங்கை வரை இழுத்துவிட்ட சேலைத் தலைப்புக்குக் கீழே காயம் இருப்பது ஆலயத்தின் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. அதைப் பார்த்த பிறகு "பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அடிக்கிறவனிடமே அவளை விட்டுவிட்டு வருவது மேய்ப்பு ஆகாது. அவளைப் பத்திரமான இடத்தில் சேர்ப்பதும், தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்குத் துணையாகப் போவதும் குருத்துவப் பணிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சர்க்கரை மாத்திரையை நிறுத்து, விசுவாசி என்று சொல்லுகிறவர்களைப் பற்றியும் இதையே சொல்வேன். மேய்ப்பன் ஆட்டை மருந்திடமிருந்து பிரிக்க மாட்டான். வீட்டில் கேட்ட இரகசியத்தை அடுத்த ஞாயிறு பெயர் சொல்லாமல் பிரசங்க உதாரணமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். அதோடு அந்த வீட்டுக் கதவு அவருக்கு மூடிக்கொள்ளும்.

எசேக்கியேல் முப்பத்துநாலாம் அதிகாரத்தைக் குருவானவர்கள் மட்டும் படித்தால் போதாது, நாமும் படிக்க வேண்டும். "தங்களையே மேய்க்கிற இஸ்ரவேலின் மேய்ப்பருக்கு ஐயோ!" என்று அது தொடங்குகிறது. அதில் மேய்ப்பர்மேல் சொல்லப்படும் குற்றங்களைக் கவனியுங்கள். பிரசங்கம் நன்றாக இல்லை என்ற குற்றச்சாட்டு அங்கே இல்லை. பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, எலும்பு முறிந்ததைக் காயங்கட்டவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை. எல்லாம் கையும் காலும் செய்ய வேண்டிய வேலைகள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐயருடைய வீட்டுக்கு யார் போகிறார்கள்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல். ஒவ்வொரு மாற்றலிலும் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், ஐயரம்மாவுக்குப் புது ஊர், புதுப் பேச்சு. குருமனைக்கு நாம் போவதெல்லாம் ஞானஸ்நானச் சான்றிதழுக்கும் கையெழுத்துக்கும்தான். எங்கள் சபையில் ஒரு குருவானவர் மனச்சோர்வில் ஆறு மாதம் தவித்தார் என்பது அவர் மாற்றலாகிப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறும்போது நாங்கள் தலைகுனிந்து "ஆமென்" சொல்லிக்கொண்டிருந்தோம், அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அப்பாவை அடக்கம் செய்த பதினெட்டாம் நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும், வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எங்கள் கிராமத்துப் பழைய சேகரகுரு. ஓய்வு பெற்று எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன, எண்பதைத் தாண்டிய வயது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அம்மா பதறிப்போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் அதில் உட்காராமல், காலியாகக் கிடந்த அப்பாவின் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அப்பாவை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி, "அவன் கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டானா அம்மா?" என்று கேட்டார். அடக்கத்தன்று அழாத அம்மா அப்போதுதான் அழுதார்.

ஜெபித்து முடித்ததும் துணிப்பையிலிருந்து அந்தக் கறுப்பு அட்டை நோட்டை எடுத்தார். முதுகு கிழிந்து நூல் போட்டுத் தைத்திருந்தது. கை நடுங்க எங்கள் வீட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்து, என்னிடம் தேதி கேட்டு, தாத்தா பெயருக்கும் பாட்டி பெயருக்கும் கீழே எழுதிக்கொண்டார்.