ஹீட்டர்தான் போயிற்று என்று எப்படி முடிவு செய்வது?
சால்டரிங் ஸ்டேஷன் (ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும் கருவி) சூடேறாவிட்டால் ஹீட்டர் எரிந்துவிட்டது, கைப்பிடியோடு மாற்றிவிடுங்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. என்னுடைய 24 வோல்ட், 50 வாட் ஸ்டேஷன் விட்டுவிட்டுச் சூடேறியது. மின் இணைப்பைத் துண்டித்து, கைப்பிடியின் பிளக்கைக் கழற்றி, மின்தடையை அளக்க அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். ஆறிய நிலையில் ஹீட்டர் ஏறக்குறைய 3 ஓம், வெப்பத்தை அளக்கும் சென்சார் 50 ஓம் அளவில் காட்டின. இந்த வகைச் செராமிக் ஹீட்டருக்கு இரண்டும் சரியான அளவுதான். ஆனால் கேபிள் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் லேசாக வளைத்ததும் சென்சாரின் அளவு அடியோடு மறைந்தது. ரப்பர் உறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் மடிந்து மடிந்து அறுந்து, ஓரிரண்டு மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தன. ஐந்து சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தேன், மூன்று ஆண்டுகளாக உழைக்கிறது. பற்றவைக்கும் கருவியே பழுதானால் எதைக்கொண்டு பற்றவைப்பது என்று அந்தக் கட்டுரையின் கீழ் ஒருவர் கேட்டிருக்கிறார், நியாயமான கேள்வி. நேரடியாக மின்சாரத்தில் செருகும் சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று போதும். நான் இரவல் வாங்கித்தான் முடித்தேன். கம்பிகளை அவிழ்க்கும் முன் எந்த நிறம் எந்த முனை என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரும் சென்சாரும் இடம் மாறினால் அப்போதுதான் உண்மையிலேயே புதிது வாங்க வேண்டிவரும்.