கெட்டது ஃபைல் இல்லை, பிளேயருக்குத்தான் தெரியவில்லை

"ஃபைல் கரப்ட் ஆயிருச்சு." தொண்டியில் கேட்டாலும் மூக்கையூரில் கேட்டாலும் கம்ப்யூட்டர் கடையில் எடுத்த எடுப்பில் இதைத்தான் சொல்கிறார்கள். பல நேரம் ஃபைலில் ஒரு கோளாறும் இருக்காது. அதைத் திறக்கிற கோடெக், அதாவது சுருக்கி வைத்த படத்தையும் ஒலியையும் விரித்துக் காட்டும் மென்பொருள், அந்த பிளேயரில் இருக்காது, அவ்வளவுதான். இது தெரியாமல் எத்தனை கல்யாண சிடியும் மெமரி கார்டும் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கீழக்கரை மாதிரி ஊருக்கு இது பெரிய இழப்பு. சம்பாதிக்கப் போனவர்கள் வளைகுடாவில். நிக்காஹ் ஆனாலும் பிள்ளை பிறந்தாலும் அவர்கள் பார்ப்பது வீடியோவில்தான். போன மாதம் தெரிந்த லாத்தா (அக்கா) ஒருவர் பழைய பட்டன் போனின் மெமரி கார்டைக் கொண்டுவந்தார். மவுத்தாகிவிட்ட அவர் வாப்பாவின் குரல், பழைய போன்கள் குரலைப் பதிகிற ஏஎம்ஆர் ஃபைலாக அதில் இருந்தது. "ஒண்ணும் செய்ய முடியாது, அழிச்சிருங்கன்னு கடையில சொல்லிட்டாங்க தம்பி" என்றார். விஎல்சி என்ற இலவச பிளேயரில் போட்டேன். முதலில் காற்று இரைச்சல், ஒரு இருமல், பிறகு "சாப்பிட்டியாமா?" என்றது குரல். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்.

ஃபைலைத் திறக்கவிடாத இந்தப் பூட்டுகள் பலவும் வியாபாரப் போட்டியில் விழுந்தவை. 1990களின் கடைசியில் ரியல்பிளேயர், விண்டோஸ் மீடியா பிளேயர், ஆப்பிளின் குவிக்டைம் என்று ஆளுக்கொரு ஃபார்மட் வைத்திருந்தார்கள். ஒரு வீடியோ பார்க்க மூன்று பிளேயர் ஏற்ற வேண்டியிருந்தது. விண்டோஸோடு தன் பிளேயரையும் சேர்த்தே கொடுத்தது உள்ளிட்ட காரணங்களுக்காக 2004-ல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் போட்டு, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கச் சொன்னது. விற்றார்கள், அதே விலைக்கு! யார் வாங்குவார்கள்? மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்டிருந்த ரியல்பிளேயர் கம்பெனி ரியல்நெட்வொர்க்ஸும் மறுவருஷம் 76.1 கோடி டாலர் உடன்பாட்டில் சமாதானமாகிவிட்டது. நம் கையில் இருந்த ஃபைல் அப்படியே திறக்காமல் கிடந்தது.

வழக்கு செய்யாததை மாணவர்கள் செய்தார்கள். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரியில், வளாக நெட்வொர்க்கில் வீடியோ ஓட்டுவதற்காக 1996-ல் தொடங்கிய வேலைதான் விஎல்சி. 2001-ல் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். தேவையான கோடெக்குகளைத் தன்னோடு சேர்த்தே கொண்டுவந்ததுதான் அதன் பலம். விளம்பரம் கிடையாது, காசும் கிடையாது. அப்படிப்பட்டதன் இணையதளத்தை 2022-ல் நம் நாட்டில் பல மாதம் முடக்கிவைத்திருந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அதே கதை ஹெச்இவிசி என்ற வீடியோ கோடெக்கின் பெயரில் திரும்ப வந்திருக்கிறது. புதுப் போன்கள் பலவும் இதில்தான் வீடியோ எடுக்கின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும், படமும் நன்றாக இருக்கும். ஆனால் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால் பல விண்டோஸ் கணினிகளில் தனியாகக் காசு கட்டி நீட்டிப்பு (எக்ஸ்டென்ஷன்) வாங்கச் சொல்கிறது. நாம் எடுத்த வீடியோவை நாமே பார்க்க எதற்குக் காசு? உரிமக் கட்டணம் கேட்காத ஏவி1 என்ற கோடெக் 2018-லேயே வந்துவிட்டது. போன் கம்பெனிகள் அதற்கு மாறுகிறவரை நம் பக்கத்து வேலையை நாம் செய்துகொள்ளலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' வையுங்கள். ஸ்டுடியோக்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பரவலாகத் திறக்கிற பழைய கோடெக்கான ஹெச்.264-ல் எம்பி4 ஃபைல் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் யார் போனிலாவது பெரியவர்கள் பாடிய அம்பாப் பாட்டு (மீனவர்களின் தொழில் பாட்டு) கிடந்தால், அசல் ஃபைலை அழிக்காமல் எம்பி3-ல் ஒரு நகல் எடுங்கள். எம்பி3-ன் காப்புரிமை 2017-லேயே முடிந்துவிட்டது. திறக்கவில்லை என்றால் என் இன்பாக்ஸுக்கு அனுப்புங்கள், திறந்து தருகிறேன்.