எம்எக்ஸ்-5க்கு பவர் போதாது என்பவர்களுக்கு

டாப் திறக்கிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மஸ்டா எம்எக்ஸ்-5இன் படத்தை யாராவது போட்டால் போதும், "ரெண்டே சீட்டு, இந்த விலைக்கு இவ்வளவுதான் ஹார்ஸ் பவரா?" என்று ஒருவர் வந்துவிடுவார். என் கட்சி நேர் எதிர். அந்த வண்டி 1989இல் இருந்து இன்றுவரை உயிரோடு இருப்பதே பவரைத் துரத்தாததால்தான். துரத்திய பங்காளிகள் பாதிப் பேர் இப்போது இல்லை.

(நம் ஊரில் மஸ்டா என்றால் ஸ்வராஜ் மஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். அதில் கூட்டாளியாக இருந்த அதே ஜப்பான் கம்பெனிதான், ஹிரோஷிமாக்காரர்கள்.)

1970களின் கடைசிவரை சின்னதாக, மலிவாக, டாப் திறக்கிற இரண்டு சீட்டு வண்டி என்றால் அது இங்கிலாந்து சமாச்சாரம். எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான். ஓட்ட அருமை, வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுமை: ஆயில் ஒழுகும், மழை பெய்தால் வயரிங் மக்கர் பண்ணும். அமெரிக்காவில் வண்டிப் புகைக்கும் விபத்துப் பாதுகாப்புக்கும் புது விதிகள் வந்தபோது, புதிய வண்டி செய்யப் பணமில்லாமல், 1974இல் எம்ஜிபியின் மூக்கில் பெரிய கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி, வண்டியையும் தரையிலிருந்து தூக்கிவைத்து, அது வளைவில் திரும்பும் அழகையே கெடுத்தார்கள். 1980இல் எம்ஜிபி தயாரான அபிங்டன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாங்க ஆள் இருந்தார்கள், செய்யத்தான் ஆள் இல்லை.

பாப் ஹால் என்கிற அமெரிக்க கார் பத்திரிகையாளர், ஜப்பானிய மொழி தெரிந்தவர், மஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்த கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, "நாங்கள் அடுத்து என்ன வண்டி செய்யலாம்?" என்று அவர் கேட்க, இந்த இங்கிலீஷ் வண்டிகளைப் போல எளிமையாக ஒன்று செய்யுங்கள் என்று ஹால் படம் வரைந்தே காட்டினாராம். அப்புறம் மஸ்டாவின் கலிஃபோர்னியா அலுவலகத்திலேயே வேலைக்கும் சேர்ந்தார். யமமோட்டோவை ஒரு ஸ்பிட்ஃபயரில் ஹகோனே மலைப்பாதையில் ஓட்டவிட்டார்கள், அதில்தான் அவர் மனம் மாறியது என்றும் சொல்வார்கள். பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டரை வைத்த ரோட்டரி எஞ்சினை மல்லுக்கட்டி ஓடவைத்த மனிதர் அவர், பிடிவாதத்துக்குக் குறைவில்லை. 1984இல் கம்பெனித் தலைவரும் ஆனார்.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். திட்டம் தொடங்கியதும் மஸ்டாவின் டோக்கியோ அலுவலகத்துக்கும் கலிஃபோர்னியா அலுவலகத்துக்கும் போட்டி வைத்தார்கள். டோக்கியோ ஆட்கள் கொண்டுவந்தது ஒன்று எஞ்சினும் முன்னால், ஓட்டமும் முன்சக்கரத்துக்கே என்ற வண்டி, இன்னொன்று நடுவில் எஞ்சின் வைத்த வண்டி. இரண்டுமே அந்தக் காலத்துக்கு நவீனமானவை, கணக்குப்பிள்ளைகளும் சந்தோஷப்படுவார்கள், ஏனென்றால் கம்பெனியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த முன்சக்கர வண்டியின் பாகங்களை அப்படியே எடுத்துப் போடலாம். கலிஃபோர்னியா மட்டும் எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்துக்கு என்று பழைய பாதையில் நின்றது. 1984இல் அதுதான் ஜெயித்தது. ஓடக்கூடிய முதல் மாதிரியை இங்கிலாந்தின் வொர்த்திங்கில் ஒரு நிறுவனம் செய்து கொடுக்க, 1985இல் அதைச் சத்தமில்லாமல் சாண்டா பார்பரா தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பின்னாலேயே துரத்தி வந்து இது என்ன வண்டி, எப்போது வரும் என்று விசாரித்தார்கள். விற்குமா என்ற சந்தேகம் அந்தத் தெருவிலேயே முக்கால்வாசி தீர்ந்திருக்கும்.

தோஷிஹிகோ ஹிராய் தலைமையில் என்ஜினீயர்கள் செலவழித்த இடங்களையும் மிச்சம் பிடித்த இடங்களையும் பாருங்கள். எஞ்சின் மஸ்டாவின் 323 என்ற குடும்பக் காரில் இருந்து வந்த 1.6 லிட்டர், 115 ஹார்ஸ் பவர் சொச்சம், அவ்வளவுதான். ஆனால் நாலு சக்கரத்துக்கும், ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடித்திருக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அலுமினிய பானட். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைத்து ஒரு நீள அலுமினியச் சட்டம் வைத்தார்கள், ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் இடையில் எதுவும் நெளியாமல் விசை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக. விளம்பரத்தில் போட்டால் யாருக்கும் புரியாத பாகம் அது. அதற்குப் பணம் ஒதுக்கியவர்களை நான் கும்பிடுகிறேன். மொத்த எடை சுமார் 960 கிலோ. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள். அமெரிக்க விலை 13,800 டாலர், அதற்கு மேல் கூடுதலாகக் கேட்ட டீலர்களிடமும் கொடுத்துவிட்டு வாங்கிப் போனார்கள்.

எலானைக் காப்பி அடித்த வண்டிதானே என்பார்கள். மூஞ்சியில் சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே 1989இல் எலானைப் பெற்ற லோட்டஸே புது எலான் ஒன்றை வெளியிட்டது. இசுஸு எஞ்சின், முன்சக்கர ஓட்டம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து பவரைக் கூட்டும் டர்போவோடு 165 ஹார்ஸ் பவர். மஸ்டாவை விட வேகம், வளைவில் ஒட்டிக்கொண்டு போகும், ஓட்டிப் பார்த்த பத்திரிகைகளும் பாராட்டின. விலையில் அடிபட்டு 1992இல் நிறுத்தினார்கள். அப்புறம் மிச்சமிருந்த எஞ்சின்களுக்காக இன்னொரு சின்னத் தொகுதி செய்ததோடு முடிந்தது. ஹார்ஸ் பவர் கட்சிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

மஸ்டா வழி காட்டியதும் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள்: எம்ஜி எஃப், பிஎம்டபிள்யூ இசட்3, ஃபியட் பார்கெட்டா, மெர்சிடீஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர். 1998இல் வந்த எம்எக்ஸ்-5இன் இரண்டாம் தலைமுறையில் திறந்து மூடும் ஹெட்லைட் போனது. அழகுக்காக நானும் வருத்தப்படுகிறேன், ஆனால் அந்த இடத்தில் எடை குறைந்தது. இடையில் மஸ்டாவே டர்போ மாடல் ஒன்றை விட்டுப் பார்த்தது, அது நீடிக்கவில்லை.

2005இல் வந்த மூன்றாவதில்தான் கொஞ்சம் தடுமாறினார்கள். மஸ்டாவின் இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரான ஆர்எக்ஸ்-8 வண்டியோடு பாகங்களைப் பகிர்ந்துகொண்டது, 2 லிட்டர் எஞ்சின், எடை 1,100 கிலோ பக்கம். டகாவோ கிஜிமா தலைமையிலான என்ஜினீயர் குழு கிராம் கிராமாகக் குறைக்கப் போராடியும் இவ்வளவு வந்தது என்றால், போராடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைக் கெட்ட வண்டி என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் சதை போட்டது, அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறையில் வழக்கமாக எந்தக் கம்பெனியும் செய்யாததைச் செய்தார்கள். 2015இல் விற்பனைக்கு வந்த நான்காவது வண்டியின் நீளம் 3,915 மில்லிமீட்டர், 1989 வண்டியை விடக் குட்டை. ஜப்பானில் 1.5 லிட்டர் அடிப்படை மாடல் 990 கிலோ. காற்றுப்பை, விபத்துப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் கால் நூற்றாண்டில் எவ்வளவு எடையை ஏற்றியிருக்கின்றன என்று யோசித்தால் இந்த எண் சாதாரணமல்ல. இதே வண்டியை அடிப்படையாக வைத்து, ஹிரோஷிமாவிலேயே தயாரித்து, ஃபியட் தன் 1.4 டர்போ எஞ்சினைப் போட்டு 124 ஸ்பைடர் என்று விற்றது. சில வருஷத்தில் நின்றுபோனது. டர்போ இல்லாத மஸ்டா இன்னும் விற்கிறது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. உயரமான ஆட்களுக்கு உள்ளே இடம் பத்தாது, டிக்கி பெயருக்குத்தான், நெடுஞ்சாலையில் காற்றுச் சத்தம் காதைப் பிய்க்கும். இதையெல்லாம் சொல்லித் திட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

என் கவலை வேறு. 2023இல் டோக்கியோவில் மஸ்டா ஐகானிக் எஸ்பி என்று ஒரு மாதிரி வண்டியைக் காட்டியது. ரோட்டரி எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், 370 ஹார்ஸ் பவர். பார்க்க அவ்வளவு அழகு. எடை 1,450 கிலோ, முதல் எம்எக்ஸ்-5ஐ விட ஏறக்குறைய அரை டன் அதிகம். தாராளமாகச் செய்யட்டும், நல்ல விலைக்கும் விற்கட்டும், எம்எக்ஸ்-5 என்ற பெயரை மட்டும் அதன் முதுகில் ஒட்டாமல் இருந்தால் சரி.