சால்வை வேண்டாம், சாவி போதும்

(கடையம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. டிசம்பர் 10, சாயங்காலம். 'நூலகம்' என்று பலகை மாட்டிய அறையில் ஒரு மர அலமாரி, இரண்டு கேரம் போர்டு, கிழிந்த வாலிபால் வலை. நூலகப் பொறுப்பு பி.டி. சாரிடம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.)

பி.டி. சார்: அண்ணாச்சி, நாளைக்குப் பாரதி பிறந்தநாள். நூலகத்தில் கவிதை விழா நடத்த வேண்டுமாம். ஹெச்.எம். இப்போதுதான் சொல்கிறார்.

வாட்ச்மேன்: நடத்திவிடுவோம் சார்வாள். அலமாரியைத் திறங்கள்.

பி.டி. சார்: அது மட்டும் முடியாது. சாவி இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் மாறுதலில் போகும்போது பதிவேட்டைக் கொடுத்தார், கையெழுத்து வாங்கினார், பஸ் ஏறிவிட்டார்.

வாட்ச்மேன்: பூட்டை உடைத்தால் போயிற்று.

பி.டி. சார்: உடைத்தால் எண்ண வேண்டும். எண்ணினால் குறையும். குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். பூட்டியிருக்கிற வரைக்கும் பதிவேட்டிலும் 412, உள்ளேயும் 412.

வாட்ச்மேன்: 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்று அலமாரியில் ஒரு அட்டை தொங்குகிறதே, அது யார் சொன்னது?

பி.டி. சார்: எஸ்.ஆர். ரங்கநாதன். சீர்காழிக்காரர். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். அதில் முதல் விதி.

வாட்ச்மேன்: அதை ஏன் சரியாகப் பூட்டுமேல் தொங்கவிட்டிருக்கிறீர்கள்?

பி.டி. சார்: பூட்டு துருப்பிடித்து அசிங்கமாகத் தெரிந்தது அண்ணாச்சி.

வாட்ச்மேன்: சரி, விடுங்கள். பாரதி இந்தக் கடையத்தில்தானே 1918இலிருந்து 1920 வரைக்கும் இருந்தார். அவர் மனைவி செல்லம்மாள் ஊர்.

பி.டி. சார்: இங்கே என்ன செய்தார்?

வாட்ச்மேன்: கஷ்டப்பட்டார். 1919இல் எட்டயபுரம் ராஜாவுக்குப் பாட்டாகவே ஒரு மனு போட்டார். சீட்டுக்கவி என்று பேர். சால்வை கொடு, பொற்பை கொடு, பல்லக்கு கொடு என்று. கேட்பதிலும் ஒரு கம்பீரம் பாருங்கள்.

பி.டி. சார்: ராஜா கொடுத்தாரா?

வாட்ச்மேன்: பல்லக்கு வந்திருந்தால் அடுத்த வருஷமே சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்கு ஏன் மெட்ராசுக்கு ரயில் ஏறுகிறார்?

பி.டி. சார்: (கண் பளிச்சிட) அண்ணாச்சி, நானும் ஹெச்.எம்.முக்கு ஒரு சீட்டுக்கவி போட்டால் என்ன? எனக்குச் சால்வை வேண்டாம், பல்லக்கு வேண்டாம். பூட்டை உடைக்க ஓர் உத்தரவு போதும்.

(வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் எழுதுகிறார். விசில் ஊதுகிற வாய், எழுதும்போது கொஞ்சம் கோணிக்கொள்கிறது.)

எட்டுத் திசையும் புகழ்மணக்கும் ஹெச்.எம். ஐயா!
பூட்டு துருப்பிடித்துப் போனதையா!
உடைத்தபின் எண்ணிக்கை குறைந்ததென்றால்
எனக்கு முன்னவர் காலத்துக் குறைதானையா!

வாட்ச்மேன்: கடைசி வரி அபாரம். பொறுப்பை எடுத்து இன்னொருவர் தலையில் வைக்கிறது. ஆபீஸ் கவிதைக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்?

பி.டி. சார்: கிண்டல் இருக்கட்டும். மேடை, மைக், பரிசுக் கோப்பை, இதற்கெல்லாம் எங்கே போவது?

வாட்ச்மேன்: எதுக்கு அதெல்லாம்? திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கவிதை ரசிகர் டி.கே.சி. வீட்டில் 'வட்டத்தொட்டி' என்று ஒரு சபை கூடுமே, அங்கே மேடையா போட்டார்கள்? சுற்றி உட்கார வேண்டியது, ஒரு பாட்டை எடுக்க வேண்டியது, திரும்பத் திரும்பச் சொல்லி ரசிக்க வேண்டியது.

பி.டி. சார்: செலவே இல்லையே! ஹெச்.எம். உடனே ஒத்துக்கொள்வார். ஆனால் நம் பிள்ளைகள் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டார்கள்.

வாட்ச்மேன்: அப்படியானால் நிற்க வைத்துக் காவடிச்சிந்து பாடச் சொல்லுங்கள். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், முப்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார், பாவம். (தொடையில் தாளம் போட்டு) 'சென்னி குளநகர் வாசன், தமிழ் தேறும் அண்ணாமலை தாசன்…'

பி.டி. சார்: பேரும் விலாசமும் பாட்டுக்குள்ளேயே போட்டுவிட்டாரே! தொலைந்தால்கூடத் திரும்பி வந்துவிடும்.

(வாட்ச்மேன் தொடர்கிறார். பி.டி. சாரின் கால் தானாகத் தரையில் தட்டுகிறது. அப்புறம் இரண்டு கையும் பக்கவாட்டில் எழும்புகின்றன.)

பி.டி. சார்: அண்ணாச்சி, இது மாஸ் டிரில்லுக்கு அப்படியே பொருந்துகிறது!

வாட்ச்மேன்: காவடி தூக்கிக்கொண்டு கழுகுமலைக்கு நடக்கிறவர்கள் பாடுகிற பாட்டு சார்வாள். கால் ஆடாமல் என்ன செய்யும்?

பி.டி. சார்: தமிழம்மாவுக்குக்கூட இவ்வளவு தெரியாது. இதையெல்லாம் எங்கே படித்தீர்கள்?

வாட்ச்மேன்: இங்கேதான். ராத்திரி டியூட்டியில்.

பி.டி. சார்: இங்கேயா? அலமாரிதான் பூட்டியிருக்கிறதே!

வாட்ச்மேன்: முன்பக்கம் பூட்டியிருக்கிறது.

(அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துகிறார். பின்பலகை என்று ஒன்று இல்லை. கரையான் தின்றது போக மிச்சம் நாலு ஆணி.)

பி.டி. சார்: ஐயோ, என் சம்பளம்!

வாட்ச்மேன்: பதறாதீர்கள். கரையான் பலகையோடு நின்றுவிட்டது. உள்ளே 409 இருக்கிறது. மூன்று வெளியே போயிருக்கிறது. பிள்ளைகள் பள்ளி விட்டதும் இந்தப் பக்கமாக வந்து வாங்கிப் போவார்கள். நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று ஒன்பதாம் வகுப்புப் பையன். ஒன்று சத்துணவு சமையல் அக்கா, நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பி.டி. சார்: மூன்றாவது?

வாட்ச்மேன்: பாரதியார் கவிதைகள். ஏழாம் வகுப்பில் படிக்கிற உங்கள் மகள். ஆனி மாசம் எடுத்தது.

பி.டி. சார்: (குரல் இறங்கி) ஆனியிலா? இப்போது கார்த்திகையே முடியப் போகிறதே.

வாட்ச்மேன்: அபராதம் நாளுக்குப் பத்து பைசா. தொகை கொஞ்சம் கூடித்தான் வரும்.

பி.டி. சார்: அண்ணாச்சி, பொறுப்பாளர் நான். என்னிடமே அபராதமா?

வாட்ச்மேன்: தள்ளுபடி வேண்டுமென்றால் மனுப் போடுங்கள் சார்வாள். பாட்டாக இருந்தால் பரிசீலிக்கிறேன்.