ருஷ்ய 'வேதத்' சமஸ்கிருதத்திலிருந்து போன சொல்லா?

"ருஷ்ய மொழியில் 'வேதத்' என்றால் அறிதல். அது நம் 'வேதம்'தான். ஆகவே ருஷ்ய மொழி சமஸ்கிருதத்தின் பிள்ளை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டு. ஆனால் அது தாய்-பிள்ளை உறவு இல்லை, உடன்பிறப்பு உறவு.

ருஷ்ய, செக், போலிஷ் வடிவங்களை ஒப்பிட்டு மொழியியலாளர்கள் மீட்டெடுத்த, அம்மொழிகளின் பொது மூதாதையான ஆதி ஸ்லாவியத்தின் 'அறி' என்ற வினை 'வேதேதி'. அதற்கும் முந்தைய ஆதி இந்தோ-ஐரோப்பிய (ஐரோப்பிய, வட இந்திய மொழிகள் பலவற்றின் பொது மூதாதை) வேருக்குப் பொருள் 'பார்'. பார்த்தவனுக்குத் தெரியும் அல்லவா, அப்படித்தான் 'பார்த்தேன்' என்பது 'அறிவேன்' ஆனது. கிரேக்க 'ஒய்தா', ஜெர்மன் 'விஸ்ஸன்', சமஸ்கிருத 'வேத' எல்லாம் அதே வேரின் கிளைகள். ஸ்லாவியத்தில் 'பார்' என்ற பொருளும் 'விதேதி' எனத் தனி வினையாக நிலைத்தது.

சரி, பிள்ளை இல்லை என்று எப்படிச் சொல்கிறோம்? பத்தையும் எட்டையும் பாருங்கள். சமஸ்கிருதத்தில் தச, அஷ்ட. இரண்டிலும் முதல் உயிர் 'அ'. லத்தீனில் தெகெம், ஒக்தோ. பழைய ஸ்லாவியத்திலும் பத்து 'தெ' என்றும் எட்டு 'ஒ' என்றும்தான் தொடங்கும். சமஸ்கிருதத்தில் எ, ஒ இரண்டும் 'அ'வில் கலந்துவிட்டன. கலந்ததை ஸ்லாவியர்கள் லத்தீனோடு ஒத்துப்போகும்படி மறுபடி பிரித்தெடுத்திருக்க வழியே இல்லை.

அறிதல் வினையின் வாரிசுகள் அழகானவை. செக் மொழியில் அறிவியலுக்கு 'வியெதா'. ருஷ்யத்தில் சூனியக்காரி 'வேத்மா', அதாவது அறிந்தவள்.

அப்புறம், கரடிக்கான ருஷ்யச் சொல்லான 'மெத்வேத்' என்பதைத் 'தேனை அறிந்தவன்' என்கிறார்கள். அதுவும் தவறு. பின்பாதி 'உண்' என்ற வேர். சொல்லின் பொருள் 'தேன் தின்னி'.