மீன் குஞ்சுக்கு அப்பா அம்மா யார்?

ஜூலை 10 வந்தால் தேசிய மீன் விவசாயிகள் நாள் என்று வாழ்த்துப் படங்கள் வரிசைகட்டும். மேலே அமைச்சர், கீழே அதிகாரிகள், ஓரத்தில் இடம் மிச்சமிருந்தால் ஒரு கட்லா. அந்தத் தேதிக்கு என்ன சிறப்பு என்பதை யாரும் எழுதுவதில்லை. 1957ஆம் ஆண்டு அதே நாளில்தான் ஒடிசாவில், கட்டாக்கில் இயங்கிய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குளப் பிரிவைச் சேர்ந்த ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிக்குஞ்ஞியும் பெருங்கெண்டை மீன்களுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்தார்கள். இன்று நாம் கிலோக்கணக்கில் வாங்கும் வளர்ப்பு ரோகுவும் கட்லாவும் அந்த ஊசியின் வழிவந்தவைதான்.

எனக்கு அந்த இரண்டு பேர் மீதும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த ஊசி ஒரு வேலையை முடித்த கையோடு இன்னொரு வேலையை நம் தலையில் வைத்துவிட்டுப் போனது. அதை நாம் இன்னும் ஒழுங்காகச் செய்யவில்லை. குளத்தில் மீன் செத்து மிதந்தால் என்ன மருந்து போடலாம் என்று கேட்கிறோம். அந்த மீனின் தாய் தகப்பன் யார் என்று யாரும் கேட்பதில்லை. நோயைப் பற்றிய பேச்சே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும்தான் நம் பெருங்கெண்டைகள், மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் விட்டால் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். முட்டை மட்டும் போடாது. ஆற்றில் புதுவெள்ளம் வரும்போது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கிளம்பும் உத்தரவு, குளத்தில் தேங்கிய தண்ணீரில் கிளம்பாது. சினை அப்படியே உடம்புக்குள் கரைந்து போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் நுண்வலை கட்டிப் பிடிக்க வேண்டும். கெண்டைக் குஞ்சோடு அதைத் தின்னும் மீனின் குஞ்சும் கலந்து வரும். வளர்த்துப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும்.

மீனின் சுரப்பியையே மீனுக்குச் செலுத்தினால் என்ன என்ற யோசனை 1930களிலேயே தென் அமெரிக்காவில், அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் சோதிக்கப்பட்டிருந்தது. நம் பெருங்கெண்டைகளில் அதைச் சாதித்ததுதான் 1957. பார்க்க எளிமையான வேலை, செய்தால் தெரியும் பாடு. சந்தையில் வெட்டிப் போட்ட தலைகளை வாங்கி, மண்டையின் பின்பக்கத் துளை வழியாக மூளையை மெல்ல விலக்கினால், அடியில் ஒரு சின்னக் குழிக்குள் வெளிர் நிறத்தில் ஒரு மணி உட்கார்ந்திருக்கும். அதைச் சிதையாமல் எடுத்துச் சுத்தமான ஆல்கஹாலில் போட்டு வைக்க வேண்டும். தேவைப்படும் அன்று அரைத்துக் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊசியில் ஏற்றுவார்கள். பெண் மீனுக்கு முதலில் கொஞ்சம், ஆறு மணி நேரம் கழித்து அதைவிட அதிகம். ஆண் மீனுக்கு அந்த இரண்டாவது தடவையில் ஒரே ஊசி. பிறகு ஓவாப்ரிம் மாதிரி செயற்கை மருந்துகள் வந்தன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தடவை ஊசி, சாயங்காலம் போட்டால் பொழுது விடிவதற்குள் முட்டை. சீன வட்டத் தொட்டியில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு நாளுக்குள் குஞ்சு பொரிந்துவிடும்.

சரி, இதில் என்ன வம்பு?

ஒரு கிலோ எடையுள்ள ரோகு தாய் மீன் சுமார் 2 லட்சம் முட்டை போடும். அப்படியானால் ஒரு பொரிப்பகம் வருடம் முழுக்க விற்கும் குஞ்சுக்கு எத்தனை தாய் மீன் தேவைப்படும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சில டஜன் போதும். சோம்பலாக இருந்தால் அதைவிடக் குறைவாகவே காரியம் முடிந்துவிடும். ஆற்றிலிருந்து குஞ்சு எடுத்த காலத்தில் ஆயிரக்கணக்கான, ஒன்றுக்கொன்று உறவில்லாத மீன்கள் பெற்றோராக இருந்தன. யாரும் திட்டமிடாமலே அந்தக் கலப்பு நடந்தது. ஊசி வந்ததும் குஞ்சுப் பஞ்சம் தீர்ந்தது, கூடவே அந்தக் கலப்பும் போனது.

இன்னொன்றும் நடக்கிறது, இது இன்னும் மோசம். அறுவடையில் பெரிய மீனெல்லாம் நல்ல விலைக்குப் போய்விடும். மிஞ்சி நிற்பதுதான் அடுத்த வருடத்துக்குத் தாய் மீன். அதாவது மெதுவாக வளர்ந்ததையே பொறுக்கியெடுத்து அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆக்குகிறோம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, வியாபாரம் அப்படி.

டெல்டா பக்கம் ஒரு தனியார் பொரிப்பகத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, இந்தத் தாய் மீனெல்லாம் எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். "வெளியிலேர்ந்து எதுக்குத் தம்பி வாங்கணும், எல்லாம் நம்ம குளத்துல பொறந்ததுதான்" என்றார், பெருமையாக. தொழில் சுத்தம், தண்ணீர் சுத்தம், குஞ்சு எண்ணிக்கையில் ஏமாற்று கிடையாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பெருமைப்படும் விஷயம் இல்லை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 10 ஆண், 10 பெண் வைத்து இனப்பெருக்கம் செய்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் உட்கலப்பு, அதாவது உறவுக்குள்ளேயே இனம் பெருகுவது, 2.5 சதவீதம் ஏறும். 50 ஆண், 50 பெண் என்றால் அரை சதவீதம்தான். 50 பெண்ணுக்கு 2 ஆண் மட்டும் என்றால்? மொத்தம் 52 மீன் இருக்கிறதே என்று தோன்றும். கணக்கில் அது 8 மீனுக்குக்கூடச் சமம் இல்லை, உட்கலப்பு 6 சதவீதத்தைத் தாண்டிவிடும். குளத்தில் எத்தனை மீன் நிற்கிறது என்பது கண்துடைப்பு. எத்தனை ஆணும் பெண்ணும் உண்மையில் வாரிசு விட்டன என்பதே கேள்வி.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. கர்நாடகப் பொரிப்பகங்களில் ஏக்நாத், டாயில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதையே அளந்து 1990ல் வெளியிட்டார்கள். பெருங்கெண்டைகளில் உட்கலப்பு வேகம் 2 முதல் 17 சதவீதம் வரை இருந்தது. 17 சதவீதம் என்றால் ஏறக்குறைய அண்ணன் தங்கைக்குள்ளேயே கட்டிக்கொடுத்த கதை. இதன் விளைவு ஒரே நாளில் தெரியாது. வளர்ச்சி கொஞ்சம் மந்தமாகும், பிழைப்பு கொஞ்சம் குறையும், அங்கங்கே முதுகு வளைந்த குஞ்சு வரும். முதுகு வளைந்ததெல்லாம் உட்கலப்பால்தான் என்று நான் சொல்லமாட்டேன், தீவனத்தில் வைட்டமின் சி குறைந்தாலும் வளையும். அதனால்தான் இந்தக் குற்றவாளி எப்போதும் தப்பித்துக்கொள்கிறான். பழி தீவனக்காரன் மேலோ தண்ணீர் மேலோ போய்விடும்.

பெற்றோரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? நம் ஊர் ஜிலேபி மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது மொசாம்பிக் திலேப்பியா. இன்று ஏரி, வாய்க்கால், சாக்கடை வரைக்கும் அதுதான். உள்ளங்கை அளவு வளர்வதற்குள் வாயில் முட்டையை அடைகாக்க ஆரம்பித்துவிடும். குளம் முழுக்கக் குஞ்சு, தட்டில் வைக்க ஒன்றும் இல்லை. திலேப்பியா என்றாலே நம் ஆட்கள் முகம் சுளிப்பதற்கு இந்த மீன்தான் காரணம்.

ஆனால் அதன் உறவுக்கார மீனான நைல் திலேப்பியாவை வைத்து 1988ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய வேலை உலகத்தையே மாற்றியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் என்று நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து காட்டு மீன்களைக் கொண்டுவந்தார்கள். ஆசியாவில் ஏற்கெனவே வளர்த்துக்கொண்டிருந்த நான்கு வகைகளை அவற்றோடு சேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்து, கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நல்ல குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து தலைமுறைக்குள் வளர்ச்சி 80 சதவீதத்துக்கும் மேல் கூடியது. அதுதான் கிஃப்ட் திலேப்பியா. மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இதில் இல்லை. மாட்டுக்கும் நெல்லுக்கும் காலங்காலமாகச் செய்த தேர்வுதான், கூடவே ஒழுங்காக எழுதி வைத்த குடும்பப் பதிவேடு. நார்வேக்காரர்கள் சால்மன் மீனுக்குச் செய்து பார்த்த முறை இது. அந்தக் குளிர்நாட்டு அறிவு நம் ரோகுவுக்கும் வந்து சேர்ந்தது.

1992ல் புவனேஸ்வர் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம், சிஃபா என்பார்கள், நார்வேயோடு சேர்ந்து இதைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா என்று ஐந்து ஆறுகளிலிருந்து ரோகு வந்தது, கூடவே பண்ணையின் சொந்த மீனும். ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக வளர்த்து, கொஞ்சம் பெரிதானதும் அரிசி அளவில் எண் பதிந்த ஒரு மின்னணுச் சில்லை உடம்புக்குள் செலுத்திவிடுவார்கள். பிறகு எல்லாக் குடும்பமும் ஒரே குளத்தில். அறுவடையில் கருவியை மீன் மேல் காட்டினால், இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று எண் வந்துவிடும். ஒரு தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீத வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997ல் ஜெயந்தி ரோகு என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள்.

இனி நோய். என் கட்சிக்கு வலுவான சாட்சி இங்கேதான் இருக்கிறது.

திலேப்பியா ஏரி வைரஸ் என்று ஒன்று இஸ்ரேலில் 2014ல் அடையாளம் காணப்பட்டது. பிறகு இந்தியாவிலும் வந்தது. 2018ல் மலேசியாவில் கிஃப்ட் மீன்கள் இருந்த ஆய்வுக் குளம் ஒன்றில் அது புகுந்து, 10க்கு 4 மீன் செத்தது. சாதாரணக் குளமாக இருந்தால் அள்ளிப் புதைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த மீன்கள் ஒவ்வொன்றுக்கும் உடம்பில் சில் இருந்தது. செத்ததையும் பிழைத்ததையும் குடும்பவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சில குடும்பங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சில குடும்பங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரே குளம், ஒரே தண்ணீர், ஒரே தீவனம், ஒரே வைரஸ்! வித்தியாசம் தாய் தகப்பனில்.

இந்த விவரத்தைப் படித்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். வைரஸுக்கு மருந்து கிடையாது. குளத்து மீனைப் பிடித்துப் பிடித்துத் தடுப்பூசி போடுவதும் நடக்கிற காரியம் இல்லை. ஆனால் தாக்குப்பிடிக்கும் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினால், குஞ்சோடு குஞ்சாகப் பாதுகாப்பும் வந்துவிடும். ரோகுவிலும் சிஃபா இதே வழியில் போயிருக்கிறது. ஏரோமோனாஸ் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்து, தாங்கும் வரிசை, தாங்காத வரிசை என்று குடும்பங்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். உடம்பில் செந்தழும்பு, வயிறு ஊதல், செதில் விரிந்து நிற்பது, இதெல்லாம் பெரும்பாலும் இந்த ஏரோமோனாஸ் வேலைதான். இது எல்லாக் குளத்திலும் எப்போதும் இருக்கும் கிருமி. விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து, அடியில் அம்மோனியா ஏறி, மீன் களைத்த நேரம் பார்த்துத் தாக்கும்.

அதற்காகத் தண்ணீரைக் கவனிக்க வேண்டாம் என்று யாராவது அர்த்தம் எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை. 1988 வாக்கில் இந்தியாவுக்குள் நுழைந்த புண்நோய் நல்ல பாடம். அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி, குளிர்காலத்தில் தண்ணீர் குளிர்ந்து காரத்தன்மை குறையும்போது வரும். விரால்தான் முதல் பலி. சதை அழுகிக் குழி விழுந்த விராலைப் பார்த்தவர்கள் அதன் பிறகு கொஞ்ச நாள் மீன் பக்கமே போகமாட்டார்கள். அதே குளத்தில் திலேப்பியாவும் சாதாக் கெண்டையும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் திரியும். அதற்கு சிஃபா கண்டுபிடித்த சிஃபாக்ஸ் மருந்து வேலை செய்தது, சுண்ணாம்பும் உதவியது. ஆக மருந்துக்கும் தண்ணீருக்கும் இடம் உண்டு. மீன் தலைகீழாகச் சுற்றியவுடன் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை வாளியில் கரைத்து ஊற்றுகிறோமே, அதற்குத்தான் இடமே இல்லை. குளோராம்பெனிகால் போன்றவை மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை என்பதுகூடப் பல குளக்கரைகளுக்கு எட்டவில்லை.

சரி, இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் நம் பண்ணைக்குட்டையில் ஏன் மாற்றம் தெரியவில்லை? ஆய்வு நிறுவனத்துக்கும் குட்டைக்கும் நடுவில் பொரிப்பகம் இருக்கிறது. அங்கே போய் நின்றுவிடுகிறது. ஜெயந்தி ரோகு ஒரு தடவை வாங்கி, "எங்களிடம் ஜெயந்தி உண்டு" என்று பலகை மாட்டிவிட்டு, அதே மீனின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று சொந்தக் குளத்திலேயே ஓட்டினால், சில தலைமுறையில் பெயர் மட்டும்தான் ஜெயந்தி. தேர்வு நின்ற இடத்தில் முன்னேற்றமும் நின்றுவிடும், உட்கலப்பு மட்டும் நிற்காது. புவனேஸ்வரில் தேசிய நன்னீர் தாய்மீன் வங்கி இருக்கிறது. அங்கிருந்து புதுத் தாய் மீன் குறிப்பிட்ட இடைவெளியில் வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவைச் சின்னப் பொரிப்பகக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மானியம் கொடுப்பதாக இருந்தால் குட்டை வெட்டக் கொடுப்பதில் கொஞ்சத்தை இதற்குத் திருப்பலாம்.

நெல் விதை மூட்டையில் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை தைத்திருக்கும். எந்த ரகம், எப்போது பரிசோதித்தது என்று அதில் இருக்கும். மீன் குஞ்சு வரும் ஆக்சிஜன் பையில் என்ன இருக்கிறது? ரப்பர் பேண்ட். குஞ்சுச் சான்றளிப்புக்கு வழிகாட்டுதல் எழுதாமல் இல்லை, எழுதியிருக்கிறார்கள். பையில் அட்டை வந்த பாடில்லை.

அட்டை வரும்வரை வாங்குபவர்கள் வாய் திறந்து கேட்கலாம். தாய் மீன் எங்கிருந்து வந்தது, கடைசியாக எப்போது மாற்றினீர்கள், ஒரு தடவைக்கு எத்தனை ஜோடிக்கு ஊசி போடுகிறீர்கள், கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டியில் விடுகிறீர்களா. கடைசிக் கேள்வி முக்கியம், ஒரே தொட்டியில் விட்டால் இரண்டும் கலந்த கலப்பினக் குஞ்சு வந்துவிடும், குஞ்சாக இருக்கும்போது கண்டுபிடிக்கவும் முடியாது. ஒருவர் கேட்டால் பொரிப்பகக்காரர் சிரிப்பார். சீசனில் வருகிறவர்களெல்லாம் கேட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத ஆரம்பிப்பார். குஞ்சு விலை கொஞ்சம் ஏறும்தான். தீவனத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் குஞ்சு விலை எப்போதுமே சில்லறைக் காசு என்பது குளம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதில் போய் இவ்வளவு கஞ்சத்தனம் ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.