"அண்ணா, ஒரு சின்ன டவுட்"

இந்த வார்த்தையோடு இன்பாக்ஸில் வந்து விழுந்த எதுவும் இதுவரை சின்னதாக இருந்ததில்லை. கூடவே ஒரு படம் வரும். கம்ப்யூட்டர் திரையைக் கைப்பேசியில் சாய்த்துப் பிடித்து எடுத்த படம். எரர் வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். மீதிப் பாதி மேல் லைட் வெளிச்சம் பளீரென்று அடித்திருக்கும். கீழே, "வொர்க் ஆகல அண்ணா, கொஞ்சம் அர்ஜென்ட்."

பதினைந்து வருடமாக இணையத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் பிஎச்பி (வெப்சைட் எழுதும் மொழி), மைஎஸ்க்யூஎல் (தகவலை டேபிள்களாகச் சேமிக்கும் டேட்டாபேஸ்). காசு கிடையாது, கட்டாயமும் கிடையாது, பழகிவிட்டது. இத்தனை வருடத்தில் மனதில் ஊறிப்போன ஒரு எண்ணத்தை இன்று கொட்டிவிடுகிறேன். கேள்வி வந்த முப்பதாவது வினாடியில் பத்து வரி கோட் ஒட்டிவிட்டு, "இதைப் போட்டுப் பாருங்க" என்று நகர்ந்துவிடுகிறோமே, அதை உதவிக் கணக்கில் எழுதக் கூடாது. திருப்பி ஒரு கேள்வி கேட்காமல் சொல்லும் பதில், நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவதற்குச் சமம்.

சமீபத்தில் ஒருவர் கேட்டார்: "ஃபார்மில் யார் எந்த போன் நம்பரைக் கொடுத்தாலும், டேபிளில் எல்லாருக்கும் ஒரே நம்பர்தான் சேவ் ஆகிறது. 2147483647." நான் பார்ப்பதற்குள் ஏழெட்டுப் பதில்கள் வந்திருந்தன. ஒருவர் ஜாவாஸ்கிரிப்டைச் சந்தேகப்பட்டு வேறொரு ஃபார்ம் கோடையே கொடுத்திருந்தார். இன்னொருவர், "உங்க சைட்டை ஹேக் பண்ணிட்டாங்க, உடனே பாஸ்வேர்டை மாத்துங்க" என்று பயமுறுத்தியிருந்தார். பாவம், அவரும் மாற்றியிருக்கிறார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று, டேபிளின் அமைப்பு. "ஷோ கிரியேட் டேபிள் என்று அடித்து, வருவதை அப்படியே ஒட்டுங்கள். படம் வேண்டாம், எழுத்தாக."

ஒட்டினார். போன் நம்பருக்கான ஃபீல்டு 'இன்ட்' (முழு எண்) என்று இருந்தது. இன்ட் என்பது 4 பைட், அதாவது 32 பிட். அதில் ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சத்தில் அடங்கும் மிகப் பெரிய எண்தான் அந்த 2147483647. (அது ஒரு பகா எண் என்று 1772-லேயே ஆய்லர் நிரூபித்துவிட்டார். இந்தச் சிக்கலுக்கு அதனால் நயா பைசா பிரயோஜனம் இல்லை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) அதைவிடப் பெரிய எண்ணைத் திணித்தால் டேட்டாபேஸ் தன்னால் முடிந்த உச்சத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

ஆனால் மைஎஸ்க்யூஎல் 5.7, அதாவது 2015 முதல் அது சும்மா இருக்காதே? கண்டிப்பான மோடு தானாகவே இயங்கும்; பொருந்தாத எண்ணை உள்ளேயே விடாமல் எரர் கொடுக்கும். இவருக்கு ஏன் கொடுக்கவில்லை? அதையும் கேட்டேன். சில மாதங்களுக்கு முன் வேறு ஏதோ எரருக்காக இணையத்தில் கேட்டிருக்கிறார். "எஸ்க்யூஎல் மோடைக் காலி பண்ணிடுங்க, எரர் போயிடும்" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்டிப்பான மோடு அதற்குள்தான் இருக்கிறது. எரர் போய்விட்டது. கூடவே வாசலில் நின்ற காவல்காரனும் போய்விட்டான்.

கீழே வந்திருந்த பதில்களில் ஒன்று, "பிக்இன்ட் ஆக்குங்க" என்றது. இன்னும் பெரிய எண்ணுக்கு இடம் தரும் வகை அது. போட்டால் அந்த நிமிடம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் போன் நம்பரை யாராவது கூட்டுவார்களா, வகுப்பார்களா? முன்னால் சைபர் வந்தால் அது காணாமல் போகும், கூட்டல் குறியோடு வந்தால் அதுவும் நிற்காது. பெயர்தான் நம்பர், அது ஓர் எழுத்துச் சரம். எழுத்துகளுக்கான வார்சார் வகை போதும். இதையெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் கேட்ட கேள்விதான் இன்னும் உறுத்துகிறது: "பழைய நம்பரெல்லாம் திரும்ப வந்துடுமா?" வராது. டேபிளைப் பொறுத்தவரை அவை எழுதப்படவே இல்லை. பதிவு செய்தவர்களுக்குப் போன மின்னஞ்சல்களின் நகல் இருந்ததால், அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். அந்தப் புண்ணியவானுக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை.

அவரை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. 2011 வாக்கில் ஒருவர் இன்பாக்ஸில் லாகின் பக்கத்துக்கு கோட் கேட்டார். பயனர் அடிப்பதை அப்படியே குவெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஒட்டி எழுதிக் கொடுத்தேன். கடவுச்சொல் பெட்டியில் ஒரு ஒற்றை மேற்கோள் குறியை வைத்து விளையாடத் தெரிந்தவன் எவனும் உள்ளே வந்துவிடக்கூடிய கோட். பாதுகாப்பாக எழுத வழி இல்லாமலும் இல்லை. குவெரியையும் பயனர் அடிப்பதையும் தனித்தனியாகக் கொடுக்க உதவும் பிடிஓ 2005-லேயே பிஎச்பியோடு வந்துவிட்டது. எனக்கும் தெரியும். நாலு வரி கூட ஆகும், விளக்கம் வேறு சொல்ல வேண்டும் என்று சோம்பல். அவர் பதிலுக்கு மூன்று நன்றியும் ஒரு கும்பிடும் போட்டார்.

அப்புறம் பல வருடம் கழித்து, பிஎச்பி 7-க்கு மாறிய இன்னொருவர், பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன் எதுவுமே இல்லை என்று எரர் வருவதாகக் கேட்டார். வழக்கமான கேள்விதான், 2015 டிசம்பரில் வந்த 7.0-இல் அவற்றை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அவர் ஒட்டியிருந்த கோடைப் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். 'யூசர்நேம்' என்ற வேரியபிளில் ஓர் எழுத்து விழுங்கப்பட்டு 'யூசநேம்' என்று இருந்தது. அந்த எழுத்துப்பிழை என்னுடையது. எத்தனை கை மாறி, எத்தனை சைட்டில் ஏறி இறங்கி அவரிடம் வந்து சேர்ந்ததோ. ஒருவர்கூட அந்தப் பிழையைத் திருத்தவில்லை என்றால், ஒருவர்கூட அந்த வரியைப் படிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? படிக்கும்படி நான் கொடுக்கவில்லை.

சரி, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. "கூகுள் பண்ணத் தெரியாதா?" கோஷ்டி. இவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகாது. புதியவருக்குத் தெரியாதது பதில் மட்டும் அல்ல, தேட வேண்டிய சொல்லும்தான். தமிழில் சேமித்ததெல்லாம் கேள்விக்குறியாக வருகிறது என்பவர் என்னவென்று தேடுவார்? 'கேரக்டர் செட்' (எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறை) என்ற சொல் அவருக்குத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு 5 குறியீடு: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. பைட்டுகளை எண்ணிச் சொல்லும் பிஎச்பியின் ஸ்ட்ர்லென் 15 என்று சொல்வதைப் பார்த்துவிட்டு, "டேட்டாபேஸ் கெட்டுப்போச்சு" என்று பதறியவரை எனக்குத் தெரியும். அவரை எந்த நியாயத்தில் திட்டுவது?

இந்த விஷயத்திலும் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும்: வருவது கேள்விக்குறியா, இல்லை தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளா? பின்னது என்றால் பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், மீட்டுவிடலாம். டேபிளுக்குள்ளேயே கேள்விக்குறி உட்கார்ந்திருந்தால் மூல எழுத்து போயே போச்சு, பேக்கப்பைத்தான் தேட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோடை ஒட்டுபவர்களை தினமும் பார்க்கிறேன்.

கேட்பவர்கள் மேல் குறையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. லைவ் சர்வரின் பாஸ்வேர்டோடு கான்ஃபிக் ஃபைலை ஒட்டுவது. "சரியாயிடுச்சு, தேங்க்ஸ்" என்று மட்டும் எழுதிவிட்டு, எப்படிச் சரியானது என்று சொல்லாமல் மறைவது. பதில் கிடைத்ததும் கேள்வியையே அழித்துவிடுவது. இதற்கு மட்டும் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். இன்பாக்ஸில் நான் பதில் சொல்லாததற்கும் இதுதான் காரணம். கேள்வியும் பதிலும் பொதுவில் கிடந்தால், நான் தப்பாகச் சொன்னால் திருத்த நாலு பேர் இருப்பார்கள். அந்த லாகின் கோடை நான் பொதுவில் போட்டிருந்தால் யாராவது ஒருவர் மண்டையில் குட்டியிருப்பார்.

இப்போது எல்லாரும் முதலில் ஏஐயிடம் கேட்கிறார்கள். நல்லதுதான், நானும் கேட்கிறேன். 2022 டிசம்பரில், புரோகிராமர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், சாட்ஜிபிடி எழுதும் பதில்களைத் தடை செய்தது. பார்க்கச் சரியாக இருக்கிறது, ஆனால் பல நேரம் தப்பு என்பது அவர்கள் சொன்ன காரணம். படித்தபோது சிரிப்பு வந்தது. எங்கள் முப்பது வினாடிப் பதில்களைப் பற்றியும் அதையேதான் சொல்ல முடியும். அந்த வேலைக்கு இனி மனிதன் தேவையில்லை. "முதலில் டேபிளைக் காட்டு" என்று அடம்பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நேற்றும் ஒரு "சின்ன டவுட்" வந்தது. ஒரு முறைகூட ஆர்டர் போடாத வாடிக்கையாளர்களின் பட்டியல் வேண்டுமாம், குவெரி ஒருவரைக்கூடக் காட்டவில்லையாம். வழக்கம்போல் சாய்ந்த படம். பொதுவில் கேளுங்கள், குவெரியையும் டேபிளையும் எழுத்தாகப் போடுங்கள், பத்து வரி மாதிரி டேட்டாவும் சேர்த்து, என்றேன். கொஞ்சம் சலித்துக்கொண்டார். இருபது நிமிடம் கழித்து, "அண்ணா, அந்தப் பத்து வரியை எடுக்கும்போதே கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். சரி, கண்டுபிடித்ததையும் அங்கேயே எழுதுங்கள் என்றேன்.

எழுதியிருந்தார்: "நாட் இன் (இந்தப் பட்டியலில் இல்லாதவர்) உள்ளே ஒரே ஒரு நல் (மதிப்பே இல்லாத இடம்) இருந்தாலும் எதையும் காட்டாது. ஆர்டர் டேபிளில் கஸ்டமர் ஐடி இல்லாமல் ஒரு வரி கிடந்தது. பேர்தான் நல், பண்றதெல்லாம் கெட்டது."

சிரித்துவிட்டு ஒரு லைக் போட்டேன். அதற்குப் பதில் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டால் இந்தத் தொல்லை வராது என்று அதற்குள் வேறு யாரோ கீழே எழுதியிருந்தார்கள்.